அத்தியாயம் 7: முப்பரிமாண வளைவரையைக் கோடாக வரைதல்

காட்சியாக்க மென்பொருள்களின் கையேடுகளைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் பரப்புகள்தான் கண்ணில் படும். வண்ணம் பூசிய மேடுகள், வலைபோட்ட குழிவுகள். கோட்டுக்கு ஒரு பத்தி ஒதுக்கியிருந்தால் அதிகம். ஆனால் நம் கைக்கு வரும் முப்பரிமாணத் தரவில் பல பாதைகளாகவே இருக்கின்றன: வானிலை பலூன் மேலேறிய வழி, செயற்கைக்கோளின் சுற்றுப்பாதை, எந்திரக் கையின் நுனி நகர்ந்த தடம், புரதச் சங்கிலியின் மடிப்பு, ஒரு வகைக்கெழுச் சமன்பாட்டின் தீர்வு. இவற்றை வரைய மூன்று நெடுவரிசை எண்களும் ஒரே ஒரு கட்டளையும் போதும். அப்படி வந்த படம் உண்மையைச் சொல்ல வேண்டுமானால் அதற்கு மேலும் கொஞ்சம் உழைக்க வேண்டும். அந்த உழைப்பைப் பற்றியது இந்த அத்தியாயம்.

முதன்மைக் கருவியாக க்னூபிளாட்டை எடுத்துக்கொள்கிறேன். தாமஸ் வில்லியம்ஸ், காலின் கெல்லி ஆகிய இருவர் 1986-இல் தொடங்கிய மென்பொருள் இது. இலவசமாகக் கிடைக்கும், பழைய கணினியிலும் ஓடும், செய்த ஒவ்வொன்றும் எழுத்தாகக் கோப்பில் நிற்கும். ஆறு மாதம் கழித்து அதே படத்தைத் திரும்ப வரைய அந்தக் கோப்பே போதும். க்னூபிளாட்டின் எல்லை முடிகிற இடத்தில் பைத்தானின் மேட்பிளாட்லிப்பையும் பாராவியூவையும் துணைக்கு அழைப்போம். கட்டளைச் சொற்களைத் தமிழ் எழுத்தில் தருகிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள்.

விரிதாளில் தொடங்க நினைப்பவர்களுக்கு ஒரு சொல். எக்செலில் ‘3டி லைன்’ என்று ஒரு வரைபட வகை உண்டு. அது சாதாரணக் கோட்டு வரைபடத்துக்குத் தடிமன் கொடுத்து நாடாவாகக் காட்டுவது மட்டுமே. எக்ஸ், ஒய், இசட் என்ற மூன்று ஆயத்தொலைகளைக் கொடுத்து வெளியில் ஒரு பாதையை வரைய அதில் வழியில்லை. தரவைத் திரட்டவும் திருத்தவும் விரிதாளைப் பயன்படுத்துங்கள். வரைவதை வேறிடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வரிசைதான் வளைவரை

ஆயிரம் புள்ளிகளைச் சிதறலாக வரையும்போது எந்தப் புள்ளி கோப்பில் முதலில் இருக்கிறது என்பதால் எதுவும் மாறாது. கோடாக வரையும்போது எல்லாமே அதில்தான் இருக்கிறது. மென்பொருள் முதல் வரியிலுள்ள புள்ளியிலிருந்து இரண்டாம் வரிக்கும், அங்கிருந்து மூன்றாம் வரிக்கும் நேர்கோடு இழுக்கிறது. அதற்கு வேறு எதுவும் தெரியாது. யாரோ ஒருவர் விரிதாளில் எக்ஸ் நெடுவரிசையை ஏறுவரிசைப்படுத்தி அனுப்பியிருந்தால், அழகான சுருளுக்குப் பதிலாக நூல்கண்டு சிக்கியதுபோல ஒன்று வரும். ஆகவே பாதைத் தரவைச் சேமிக்கும்போது நான்காவது நெடுவரிசையாகக் காலத்தையோ வரிசை எண்ணையோ கட்டாயம் வைத்திருங்கள். தரவு கலைந்துபோனால் மீட்க அது ஒன்றுதான் வழி. பின்னால் வண்ணம் பூசவும் அதுவே உதவும்.

அடுத்தது இடைவெளி. இரண்டு புள்ளிகளுக்கு நடுவே கோடு இழுத்தால், அளக்காத அந்த இடைப்பட்ட நேரத்திலும் பொருள் ஏறத்தாழ அவ்வழியே போனது என்று வாசகருக்கு வாக்குக் கொடுக்கிறோம். கருவி இருபது நிமிடம் செயலிழந்திருந்தால் அந்த வாக்கைக் கொடுக்க நமக்கு உரிமையில்லை. அந்த இடத்தில் கோப்பில் ஒரு வெற்று வரி விடுங்கள். க்னூபிளாட் அங்கே கோட்டை அறுத்துவிட்டு அடுத்த வரியிலிருந்து புதிதாகத் தொடங்கும்.

வெற்று வரி விடுவதில் ஒரு பொறி இருக்கிறது. முப்பரிமாணக் கட்டளையான எஸ்பிளாட், வெற்று வரிகளால் பிரிந்த துண்டுகள் எல்லாவற்றிலும் ஒரே எண்ணிக்கையில் புள்ளிகள் இருந்தால், நீங்கள் ஒரு பரப்பின் வலையைக் கொடுத்திருப்பதாக முடிவுகட்டிவிடும். முதல் துண்டின் ஐந்தாம் புள்ளியை இரண்டாம் துண்டின் ஐந்தாம் புள்ளியோடு குறுக்கே இணைக்கும். மூன்று பாதைகளுக்கும் தலா 500 புள்ளிகள் என்று ஒழுங்காகக் கணக்கிட்டு எழுதிய கோப்பில்தான் இது நேரும். எண்ணிக்கை ஒன்று கூடியோ குறைந்தோ இருந்தால் நேராது. அதனால்தான் பலருக்குக் காரணம் பிடிபடுவதில்லை. தீர்வு இரண்டு. ‘செட் சர்ஃபேஸ் எக்ஸ்பிளிசிட்’ என்ற கட்டளை குறுக்குக் கோடுகளை நிறுத்திவிடும். அல்லது பாதைகளுக்கு நடுவே இரண்டு வெற்று வரிகள் விட்டு, ஒவ்வொன்றையும் ‘இன்டெக்ஸ் 0’, ‘இன்டெக்ஸ் 1’ என்று தனித்தனியே அழைத்து வரையலாம். நான் இரண்டாவதையே பரிந்துரைப்பேன். ஒவ்வொரு பாதைக்கும் தனி நிறம், தனிப் பெயர் கொடுக்க அது வசதி.

எத்தனை புள்ளிகள்?

திரையில் தெரியும் வளைவு உண்மையில் குட்டிக் குட்டி நேர்கோடுகள். எத்தனை குட்டிக் கோடுகள் இருந்தால் கண்ணுக்கு வளைவாகத் தெரியும் என்பதை ஊகத்தில் விடாமல் கணக்கிட்டுவிடலாம்.

சுருளை எடுத்துக்கொள்வோம். எக்ஸ் = கொசைன் தீட்டா, ஒய் = சைன் தீட்டா, இசட் = தீட்டா ÷ 2பை. ஆரம் 1, ஒரு சுற்றுக்கு உயரம் 1. பத்துச் சுற்றுகளுக்குச் சுமார் 100 புள்ளிகள் என்றால் சுற்றுக்குப் பத்து, புள்ளிக்குப் புள்ளி 36 பாகை. மேலிருந்து பார்த்தால் வட்டம் தெரியாது, பத்துமூலைக் கட்டம்தான் தெரியும். ஒவ்வொரு நேர்கோடும் உண்மையான வட்டத்திலிருந்து உள்வாங்கும் அளவு, ஆரத்தை (1 − கொசைன் 18 பாகை) என்பதால் பெருக்கினால் கிடைக்கும்: 0.049. தாளில் ஆரம் 40 மில்லிமீட்டர் வருமாறு அச்சிட்டால் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் பிசகு. சுற்றுக்கு 60 புள்ளிகள் வைத்தால் கோணம் 6 பாகை. உள்வாங்கல் ஆரத்தில் 0.0014 பங்கு, அதே தாளில் 0.055 மில்லிமீட்டர். ஒரு புள்ளி தடிமனுள்ள அச்சுக்கோடு 0.35 மில்லிமீட்டர் அகலம். பிசகு கோட்டின் தடிமனுக்குள்ளேயே மறைந்துவிடும். சுற்றுக்கு நாற்பதிலிருந்து அறுபது புள்ளிகள் என்று மனத்தில் வைத்துக்கொண்டால் பெரும்பாலான வேலைகளுக்குச் சரியாக இருக்கும். அதற்கு மேல் போனால் கோப்புதான் கனக்கும்.

குறைவான புள்ளிகளால் வரும் மூலைகள் கண்ணுக்குத் தெரிந்துவிடும், திருத்திக்கொள்ளலாம். மிகக் குறைவாக எடுக்கும்போது வரும் ஆபத்து வேறு. க்னூபிளாட்டில் கோப்பு இல்லாமல் சூத்திரத்தை நேரடியாகக் கொடுத்து வரைய ‘செட் பாராமெட்ரிக்’ என்ற முறை உண்டு. அது தானாக எடுத்துக்கொள்ளும் மாதிரிப் புள்ளிகளின் எண்ணிக்கை 100. இப்போது மேற்கண்ட சுருளுக்கு நூறு சுற்றுகள் கேட்டுப் பாருங்கள். 100 புள்ளிகளுக்கு நடுவே 99 இடைவெளிகள். ஒவ்வோர் அடியிலும் சுருள் ஒரு முழுச் சுற்றும், அதற்கு மேல் 99-இல் ஒரு பங்கும் சுற்றிவிடுகிறது. முழுச் சுற்று நம் கண்ணிலிருந்து மறைந்துபோகும். எஞ்சிய அந்தச் சிறு பங்குகள் 99 சேர்ந்து ஒரே ஒரு சுற்றாகத் தெரியும். நூறு சுற்றுள்ள சுருள், மூலை முடுக்கு எதுவும் இல்லாமல், வழவழப்பாக, ஒரே சுற்றாகத் திரையில் நிற்கும். மாதிரியை 101 ஆக்கினால் அது செங்குத்தான நேர்கோடாகிவிடும். இரண்டுமே பொய், ஆனால் இரண்டிலும் பொய்யின் அடையாளம் எதுவும் இல்லை. ‘செட் சாம்பிள்ஸ்’ கட்டளையால் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கி மறுபடி வரையுங்கள். படத்தின் வடிவம் மாறினால் முதல் படத்தை நம்பாதீர்கள். அளந்த தரவில் இரட்டிப்பாக்க முடியாது. அங்கே எதிர்த்திசையில் சோதிக்கலாம்: ஒன்றுவிட்டு ஒரு புள்ளியை எடுத்துவிட்டு வரைந்து, வடிவம் நிலைக்கிறதா என்று பாருங்கள்.

சூத்திரத்தை நேரடியாகக் கொடுக்கும் முறையில் இன்னொரு குறையும் இருக்கிறது. எஸ்பிளாட் இரண்டு துணையலகுகளை எதிர்பார்க்கிறது. வளைவரைக்கு ஒன்றுதான் தேவை. இரண்டாவதன் ஒவ்வொரு மதிப்புக்கும் அதே கோட்டை அதன்மேலேயே திரும்பத் திரும்ப வரையும். தொடர்கோட்டில் தெரியாது; ஒளி ஊடுருவும் நிறமோ விட்டுவிட்டு வரும் கோடோ கேட்டால் கெட்டுப்போகும். எனவே, சூத்திரமாக இருந்தாலும் முதலில் பைத்தானிலோ வேறெதிலோ எண்களைக் கணக்கிட்டுக் கோப்பில் எழுதிவிட்டு, அந்தக் கோப்பை வரைவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. கோப்பைத் திறந்து எண்களைப் பார்க்கலாம், வேறு மென்பொருளுக்கும் கொண்டுபோகலாம்.

முதல் படம்

கோப்பின் பெயர் ‘சுருள்’ என்று வைத்துக்கொள்வோம். கட்டளை: எஸ்பிளாட், மேற்கோள்குறிக்குள் கோப்பின் பெயர், பிறகு ‘யூசிங் 1:2:3 வித் லைன்ஸ்’. என்டர் தட்டினால் படம் வந்துவிடும். ஆனால் மூன்று விஷயங்கள் உடனே இடறும்.

முதலாவது, சுருள் அந்தரத்தில் தொங்கும். இசட் அச்சின் கீழ்முனைக்கும் தரைத்தளத்துக்கும் நடுவே க்னூபிளாட் தானாக ஓர் இடைவெளி விடுகிறது. பரப்புக்குக் கீழே சமவுயரக் கோடுகள் வரைவதற்கு அது பயன்படும். பாதைக்கு அது குழப்பமே. ‘செட் எக்ஸ்ஒய்பிளேன் 0’ என்று கொடுத்தால் தரை மேலேறி ஒட்டிக்கொள்ளும். இரண்டாவது, விகிதம். விட்டம் 2, உயரம் 10 உள்ள சுருள் குட்டையாகக் குந்தியிருக்கும், ஏனென்றால் ஒவ்வோர் அச்சையும் மென்பொருள் தன் பெட்டிக்கு ஏற்ப இழுத்துக்கொள்கிறது. மூன்று அச்சிலும் ஒரே அலகு, உதாரணமாக மீட்டர், இருக்கும் தரவுக்கு ‘செட் வியூ ஈக்வல் எக்ஸ்ஒய்இசட்’ கட்டாயம். மேட்பிளாட்லிப்பிலும் இதே சிக்கல்தான்; அதன் பெட்டி 4:4:3 என்ற விகிதத்தில் அமைந்தது, முப்பரிமாணத்தில் சம அளவு கேட்கும் வசதி 2022-இல் வந்த 3.6 பதிப்பில்தான் சேர்ந்தது. மூன்றாவது, பெட்டியின் எல்லைக்கோடுகள் பாதிதான் இருக்கும். ‘செட் பார்டர் 4095’ பன்னிரண்டு விளிம்புகளையும் வரையும். பாதை மட்டும் இருக்கும் படத்தில் அந்தப் பெட்டிதான் கண்ணுக்கு நிலமும் சுவரும். அழகுக்காக அதை நீக்கிவிடாதீர்கள்.

பார்வைக் கோணம் ‘செட் வியூ’ என்பதற்குப் பின்வரும் இரண்டு எண்களில் இருக்கிறது. நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் 60, 30. எலியால் படத்தைப் பிடித்துச் சுழற்றினால் இந்த எண்கள் மாறுவதைச் சாளரத்தின் அடியில் காணலாம். பிடித்த கோணம் வந்ததும் எண்களைக் குறித்து, கட்டளைக் கோப்பில் எழுதிவிடுங்கள். 0, 0 என்றால் நேர் மேலிருந்து பார்ப்பது. 90, 0 என்றால் முன்பக்கம். 90, 90 என்றால் பக்கவாட்டு. ஒரு புதிய தரவு கைக்கு வந்தால் நான் முதலில் இந்த மூன்று கோணங்களிலும் பார்த்துவிடுவேன். சாய்வுக் கோணத்தில் ஒளிந்திருக்கும் தவறுகள், இரண்டு நெடுவரிசைகள் இடம் மாறியது, ஓர் எண்ணில் கழித்தல் குறி விட்டுப்போனது போன்றவை, இங்கே பளிச்சென்று தெரியும்.

தொலைந்த ஆழம்

இனி இந்த அத்தியாயத்தின் கடினமான பகுதி. சுருளை வரைந்து முடித்தீர்கள். அது வலஞ்சுழியா, இடஞ்சுழியா? ஒரே நிறக் கோட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. க்னூபிளாட் இணைக்கோட்டு வீழலை மட்டுமே அறியும், தொலைவிலுள்ளது சிறியதாகாது. அந்த வீழலில் முன்னால் உள்ளதைப் பின்னாலும் பின்னால் உள்ளதை முன்னாலும் மாற்றினாலும் தாளில் விழும் கோடு ஒன்றேதான். வெறும் கோடுகளால் வரைந்த கனசதுரம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முன்பின்னாகப் புரள்வதை லூயி ஆல்பர்ட் நெக்கர் 1832-இலேயே எழுதினார். சுருளுக்கு அந்தப் புரட்டல் வேடிக்கையோடு நிற்பதில்லை, ஏனென்றால் புரண்டால் சுழியே மாறிவிடும். வழக்கமான டிஎன்ஏ வலஞ்சுழி. அதை வெறுங்கோடாக அச்சிட்டால் வாசகர்களில் ஒரு பகுதியினர் இடஞ்சுழியாகப் பார்ப்பார்கள். அவர்கள்மீது தவறில்லை.

திரையில் எலியால் சுழற்றும்போது கண் உடனே ஆழத்தைப் பிடித்துக்கொள்கிறது. அதனாலேயே வரைந்தவருக்குப் படம் தெளிவாகத் தெரிகிறது, அச்சில் பார்ப்பவருக்குத் தெரிவதில்லை. சுழற்றிப் பார்த்த நினைவு உங்களிடம் இருக்கிறது. வாசகரிடம் தாள்தான் இருக்கிறது. தாளில் ஆழத்தைத் திருப்பிக் கொடுப்பது வரைபவரின் கடமை.

மேட்பிளாட்லிப் தொலைவுத் தோற்றத்தோடு வரையும். பின்னால் போவது சிறுக்கும். பெட்டியின் விளிம்புகளில் அது நன்றாகத் தெரிகிறது, ஆனால் வளைந்து வளைந்து போகும் மெல்லிய கோட்டில் அந்தச் சிறுத்தல் கண்ணுக்கு எட்டுவதில்லை. அதை மட்டும் நம்ப வேண்டாம்.

மிக எளிய, மிக நேர்மையான உதவி நிழல். அதே கோப்பை மூன்றாவது ஆயத்தொலையின் இடத்தில் மாறிலியை வைத்து இன்னொரு முறை வரையுங்கள்: ‘யூசிங் 1:2:(0)’. பாதையின் தரைநிழல் விழும். சாம்பல் நிறம், மெல்லிய கோடு. பெட்டியின் பின்சுவர்களிலும் இதையே செய்யலாம். ‘செட் வியூ 60, 30’ கோணத்தில் பின்னால் இருப்பவை எக்ஸ் மிகச் சிறியதாக இருக்கும் சுவரும், ஒய் மிகப் பெரியதாக இருக்கும் சுவரும். நிழலை அவற்றில் போடுங்கள், முன்சுவரில் போட்டால் பாதையையே மறைக்கும். குறிப்பிட்ட புள்ளிகளைத் தரையோடு இணைக்கச் செங்குத்துக் கம்பிகள் வேண்டுமானால் ‘வித் இம்பல்சஸ்’ இருக்கிறது. அதை ‘எவ்ரி 50’ என்பதோடு சேர்த்து, ஐம்பதுக்கு ஒரு புள்ளிக்கு மட்டும் கொடுங்கள். எல்லாப் புள்ளிக்கும் கொடுத்தால் வேலி போட்டுவிடும்.

இந்த யோசனைக்கு நல்ல முன்னோடி உண்டு. எட்வர்ட் லாரன்ஸ் 1963-இல் வளிமண்டல அறிவியல் இதழில் வெளியிட்ட கட்டுரையில், இன்று உலகமே அறிந்த அந்த இரட்டைச் சிறகு வளைவரை முதன்முறையாக அச்சேறியது. அதில் முப்பரிமாணப் படம் கிடையாது. 1400-ஆவது அடியிலிருந்து 1900-ஆவது அடி வரையான பாதையை எடுத்து, எக்ஸ்–ஒய் தளத்தில் ஒன்று, ஒய்–இசட் தளத்தில் ஒன்று என இரண்டு நிழல்களாகவே வரைந்தார். வழிநெடுக 14, 15 என்று எண்களைப் பொறித்தார். அவை 1400, 1500-ஆவது அடிகளைக் குறிப்பவை. இரண்டு நிழல்களிலும் அதே எண்ணைத் தேடிப் பிடித்தால் அந்த நேரத்தில் புள்ளி வெளியில் எங்கே இருந்தது என்பது தெரிந்துவிடும். முப்பரிமாணத்தில் சுழற்றிப் பார்க்கும் வசதி இன்று நம்மிடம் இருக்கிறது. ஆனாலும் அச்சுக்கு ஒரு பாதையைக் கொடுக்கும்போது இந்த இரண்டு நிழல் படங்களையும் பக்கத்தில் சேர்த்துக் கொடுப்பதை நான் தவறாமல் வற்புறுத்துவேன். ஒரு சாய்வுப் படம் தோற்றத்தைத் தரும். நிழல்கள்தான் அளவைத் தரும்.

எது மேலே, எது கீழே

நிழலால் தீராத ஒரு வகை உண்டு: முடிச்சுகள். சிக்குக் கோலத்தில் கோடுகள் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில் எது மேலே போகிறது என்ற கேள்வியே எழுவதில்லை. முடிச்சின் படத்தில் அந்தக் கேள்வியைத் தவிர வேறொன்றும் இல்லை. மூவிலை முடிச்சின் சூத்திரம் இது: எக்ஸ் = சைன் தீட்டா + 2 சைன் (2 தீட்டா); ஒய் = கொசைன் தீட்டா − 2 கொசைன் (2 தீட்டா); இசட் = −சைன் (3 தீட்டா). தீட்டா 0-இலிருந்து 2பை வரை போனால் கோடு தொடங்கிய இடத்துக்கே வந்து மூடிக்கொள்ளும். மேலிருந்து பார்த்தால் மூன்று வெட்டிடங்கள். இசட்டின் குறியை மாற்றினால் கண்ணாடி பிம்பம் கிடைக்கும். அந்த இரண்டையும் அறுக்காமல் ஒன்றை மற்றொன்றாக மாற்றவே முடியாது என்று மாக்ஸ் டேன் 1914-இல் நிறுவினார். ஆனால் க்னூபிளாட்டில் ‘செட் வியூ 0, 0’ வைத்து இரண்டையும் வரைந்தால் ஒரே படம்தான் வரும். ‘செட் ஹிட்டன்3டி’ உதவாது. அது பரப்புக்குப் பின்னால் போகும் கோட்டை மறைக்கும். கோட்டுக்குப் பின்னால் போகும் கோட்டை மறைக்கத் தெரியாது, ஏனென்றால் அதன் கணக்கில் கோட்டுக்குத் தடிமனே இல்லை.

வழி இரண்டு. ஒன்று, கீழே போகும் கோட்டை வெட்டிடத்தில் சற்றே அறுத்துக் காட்டுவது. ஆர்தர் அப்பலும் இரண்டு கூட்டாளிகளும் 1979-இல் கணினி வரைகலை மாநாட்டில் முன்வைத்த முறை. மேலே போகும் கோட்டைச் சுற்றி வெள்ளை வெளியை விடுவது அதன் சாரம். இதை மேட்பிளாட்லிப்பின் சாதாரண இருபரிமாணப் படத்திலேயே செய்துவிடலாம். நேர் மேலிருந்து பார்ப்பதால் இசட்டே ஆழம். முடிச்சை நானூறு குட்டிக் கோடுகளாக வெட்டுங்கள். ஒவ்வொன்றின் நடுப்புள்ளியின் இசட் மதிப்பைக் கொண்டு, கீழிருந்து மேலாக வரிசைப்படுத்துங்கள். அந்த வரிசையில் ஒவ்வொரு துண்டுக்கும் முதலில் தடித்த வெள்ளைக் கோடு, அதன்மேல் மெல்லிய நிறக் கோடு. மேலே உள்ள துண்டின் வெள்ளை, கீழே ஏற்கெனவே வரைந்த நிறத்தை அழித்துக்கொண்டு போகும்.

செய்து பார்த்தால் கோடு முழுவதும் விட்டுவிட்டுத் தெரியக்கூடும். காரணம், மேட்பிளாட்லிப் ஒவ்வொரு கோட்டின் முனையையும் தடிமனில் பாதியளவு வெளியே நீட்டி வரைகிறது. வெள்ளைக் கோட்டின் அந்த நீட்சி பக்கத்துத் துண்டின் நிறத்தைக் கடித்துவிடுகிறது. முனையின் வடிவத்தை முடிவுசெய்யும் ‘சாலிட் கேப்ஸ்டைல்’ என்பதை வெள்ளைக்கு ‘பட்’ என்றும், நிறத்துக்கு ‘ரவுண்ட்’ என்றும் வைத்தால் சரியாகிவிடும். வெள்ளையின் தடிமன் நிறத்தின் தடிமனைப்போல் மூன்று மடங்கு இருந்தால் இடைவெளி கண்ணுக்கு இதமாக இருக்கும்.

இரண்டாவது வழி, கோட்டுக்கு உண்மையிலேயே தடிமன் கொடுத்துக் குழாயாக்குவது. இதற்குப் பாராவியூ வேண்டும். கிட்வேர் நிறுவனமும் லாஸ் அலமோஸ் தேசிய ஆய்வகமும் 2000-இல் தொடங்கிய கூட்டுமுயற்சி அது. விடிகே என்ற நிரல் நூலகத்தின்மேல் கட்டப்பட்டது. ஒவ்வொரு படப்புள்ளிக்கும் ஆழத்தைக் கணக்கிட்டு, அருகிலிருப்பதை மட்டும் காட்டும். எனவே முன்பின் தானாகச் சரியாகும், ஒளியும் நிழலும் விழும்.

பாராவியூவுக்குப் புதியவர்கள் மூன்று நெடுவரிசைக் கோப்பைத் திறந்து, ‘டேபிள் டு பாயின்ட்ஸ்’ என்ற வடிகட்டியைப் போட்டுவிட்டுக் கோடு எங்கே என்று தேடுவார்கள். அந்த வடிகட்டி புள்ளிகளை மட்டுமே தரும். எது எதோடு சேரும் என்பதை அது அறியாது. வரிசையை நாமே எழுதிக் கொடுத்துவிடுவது நேரான வழி. விடிகேயின் பழைய வடிவக் கோப்பு வெறும் எழுத்துக் கோப்புதான். தலைப்பு வரிகளில் அது ‘பாலிடேட்டா’ வகை என்று சொல்ல வேண்டும். பிறகு ‘பாயின்ட்ஸ்’ என்ற சொல், எத்தனை புள்ளிகள் என்ற எண், ‘ஃப்ளோட்’ என்ற எண்வகை. அடுத்த வரிகளில் ஆயத்தொலைகள். அதன்பின் ‘லைன்ஸ்’ பகுதி. 400 புள்ளிகளை ஒரே கோடாக இணைக்க ‘லைன்ஸ் 1 401’ என்று எழுதுங்கள்: கோடு ஒன்று, அடுத்து வரும் முழு எண்கள் மொத்தம் 401. அடுத்த வரியில் முதலில் 400, பிறகு 0, 1, 2 என 399 வரை. எண்ணிக்கை பூச்சியத்தில் தொடங்குவதைக் கவனியுங்கள். முடிச்சை மூட வேண்டுமானால் கடைசியில் மறுபடி 0 சேர்த்து, 400-ஐ 401 ஆகவும், 401-ஐ 402 ஆகவும் மாற்றுங்கள். இந்தப் பகுதியில் வரிசை கண்ணுக்கெதிரே எழுத்தாக இருக்கிறது. பாதை என்பது புள்ளிகளும் அவற்றின் வரிசையும் சேர்ந்தது என்பதை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டும் கோப்பு வடிவம் அரிது. கற்றுக்கொடுப்பவர்களுக்கு இதைக் குறிப்பாகச் சொல்வேன்.

திறந்ததும் ‘டியூப்’ வடிகட்டியைப் போடுங்கள். குழாய்க்கு அது தரும் பக்கங்கள் ஆறு. அதைப் பன்னிரண்டுக்கு மேல் ஏற்றினால் உருண்டையாகத் தெரியும். ஆரத்தை வெட்டிடங்களில் இரண்டு குழாய்களுக்கு நடுவே வெளி தெரியும் அளவுக்குக் குறைத்துக்கொள்ளுங்கள். அடுத்தடுத்த இரண்டு புள்ளிகள் ஒரே இடத்தில் இருந்தால் இந்த வடிகட்டி திணறும், ஏனென்றால் நீளமில்லாத துண்டுக்குத் திசை கிடையாது. நின்ற இடத்திலேயே பலமுறை அளந்த ஜிபிஎஸ் தரவில் இது அடிக்கடி வரும். இரட்டைப் புள்ளிகளை முன்கூட்டியே களைந்துவிடுங்கள்.

லாரன்ஸ் பாதையை வரைவோம்

இதுவரை சொன்னதை ஒரே தரவில் சேர்த்துப் பார்க்கலாம். லாரன்ஸின் மூன்று சமன்பாடுகள்: எக்ஸின் மாறுவீதம் = சிக்மா × (ஒய் − எக்ஸ்); ஒய்யின் மாறுவீதம் = எக்ஸ் × (ரோ − இசட்) − ஒய்; இசட்டின் மாறுவீதம் = எக்ஸ் × ஒய் − பீட்டா × இசட். அவர் எடுத்த மதிப்புகள்: சிக்மா 10, ரோ 28, பீட்டா 8/3. கால அடி 0.01. பைத்தானில் நான்காம் படி ரங்கே–குட்டா முறையை எழுதினால் இருபது வரிகூட ஆகாது. 6000 அடிகள் ஓட்டி, எக்ஸ், ஒய், இசட், காலம் என நான்கு நெடுவரிசைகளாக எழுதுங்கள். முதல் 1000 அடிகளை நீக்கிவிடுங்கள். தொடங்கிய புள்ளியிலிருந்து சிறகுகளுக்கு வந்து சேரும் ஓட்டம் அதில் இருக்கிறது, அதைப் படத்தில் விட்டால் வடிவத்தின் பகுதியென்று வாசகர் நினைத்துவிடுவார்.

புள்ளிகள் போதுமா? பாதை ஒரு சிறகைச் சுற்றிவர ஏறக்குறைய 0.7 கால அலகு எடுக்கிறது, அடி 0.01 என்பதால் சுற்றுக்குச் சுமார் 70 புள்ளிகள். நம் கணக்குக்குத் தாராளம். பெட்டியின் எல்லைகளை எக்ஸுக்கு −25 முதல் 25, ஒய்க்கு −30 முதல் 30, இசட்டுக்கு 0 முதல் 50 என வையுங்கள். தரைநிழல் ‘யூசிங் 1:2:(0)’. பின்சுவர் நிழல்கள் ‘யூசிங் (-25):2:3’, ‘யூசிங் 1:(30):3’. சிறகுகளின் மையங்களான இரண்டு சமநிலைப் புள்ளிகளையும் குறியுங்கள்: இசட் 27, எக்ஸும் ஒய்யும் ஒன்றில் 8.485, மற்றதில் −8.485. பாதை எதைச் சுற்றுகிறது என்பது அந்த இரண்டு புள்ளிகளால் ஒரே பார்வையில் விளங்கும்.

5000 புள்ளிகளையும் ஒரே நிறத்தில் போட்டால் சிறகின் வெளிவடிவம் தெரியும், பாதை எந்தத் தருணத்தில் ஒரு சிறகிலிருந்து மறுசிறகுக்குத் தாவுகிறது என்பது தெரியாது. எது வேண்டும் என்று முதலில் முடிவுசெய்யுங்கள். வடிவம் வேண்டுமானால் மெல்லிய கோடு, ஒரே நிறம், எல்லாப் புள்ளிகளும். ஓட்டம் வேண்டுமானால் லாரன்ஸ் செய்ததுபோல 500 அடிகள் மட்டும். அதற்குக் காலத்தால் வண்ணம் பூசுங்கள்: ‘யூசிங் 1:2:3:4 வித் லைன்ஸ்’ என்பதோடு, கோட்டின் நிறத்தை ‘பேலட்’ என்று கொடுத்தால் நான்காம் நெடுவரிசை நிறமாகும். வானவில் வரிசையைத் தவிருங்கள். நடுவில் வரும் மஞ்சள் காரணமில்லாமல் துள்ளிக்கொண்டு தெரியும், கறுப்பு-வெள்ளையில் அச்சிட்டால் வரிசையே குலையும். இருளிலிருந்து வெளிச்சத்துக்குச் சீராக ஏறும் விரிடிஸ் போன்ற வரிசை சாம்பல் அச்சிலும் தாங்கும். 2017-இல் வந்த 2.0 பதிப்பிலிருந்து மேட்பிளாட்லிப் அதையே இயல்பாக வைத்திருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கூடவே ‘எவ்ரி 100’ வைத்துக் கால அலகுக்கு ஒரு புள்ளிக்குறி போடுங்கள். குறிகள் நெருங்கியிருக்கும் இடத்தில் பாதை மெதுவாகவும், விலகியிருக்கும் இடத்தில் வேகமாகவும் போகிறது. வெறுங்கோடு இந்தச் செய்தியை ஒருபோதும் தராது.

கோட்டை வழவழப்பாக்க இடைச்செருகல் வளைவுகளைச் சேர்க்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கணக்கிட்ட பாதைக்கு அது தேவையில்லை, அடியைச் சிறிதாக்கி மறுபடி கணக்கிட்டால் போதும். அளந்த தரவில் செய்யவே கூடாது என்பேன். செருகிய வளைவு, அளந்த புள்ளிகளைத் தாண்டி வெளியே புடைக்கும். பொருள் போகாத இடத்துக்குப் போனதாகப் படம் சொல்லும்.

அச்சுக்கு அனுப்பும்போது க்னூபிளாட்டின் ‘பிடிஎஃப்கெய்ரோ’ வெளியீட்டைத் தேர்ந்தெடுங்கள். கோடுகள் கோடுகளாகவே சேமிக்கப்படுவதால் எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாது. லட்சக்கணக்கான துண்டுகள் கொண்ட பாதைக்கு மட்டும் அந்தக் கோப்பு கனத்துத் திறக்க நேரமாகும். அப்போது அங்குலத்துக்கு 600 புள்ளி அடர்த்தியில் பிஎன்ஜி படமாக எடுங்கள். பாராவியூவின் குழாய்ப் படங்களுக்கும் பிஎன்ஜி பொருத்தம். படத்தின் அடிக்குறிப்பில் பார்வைக் கோணத்தின் இரண்டு எண்கள், அச்சுகள் சம அளவா இல்லையா, கால அடி, வரைந்த புள்ளிகளின் எண்ணிக்கை, நீக்கிய தொடக்க அடிகள், குறிகளுக்கு இடையேயான நேரம் ஆகியவற்றை எழுதுங்கள். இரண்டு வரியில் அடங்கிவிடும்.